சுண்ணாம்பில் சிவந்த மரப்படை

வாசல் கேட்டை யாராவது பலமாகத் தட்டினால் நான் இன்னமும் முதலில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறேன். தைப்பூசம் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. எங்களுக்கு யாரும் எந்தக் கெடுதலும் செய்துவிடவில்லை. இருந்தாலும் அன்று மதியம் எங்கள் வாசலில் கூடிய கூட்டத்தை நினைத்தால் கேட்டைப் பூட்டி வைக்கத் தோன்றுகிறது. அந்தக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து நாங்கள் கண்டுபிடித்ததை நினைத்தாலோ, தெருவில் போகிற யாரையாவது நிறுத்திச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

எங்கள் வீடு, தீவின் துறைமுகமான ஜார்ஜ் டவுனிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு சந்தின் முனையில் இருக்கிறது. சந்தின் ஒரு பக்கம் நெடுகப் பாக்கு மரங்கள். என் கணவர் ஆஸ்பத்திரியில் மலேரியாவுக்கு ரத்தம் சோதிக்கும் அறையில் வேலை செய்கிறார். நான் பெண்கள் பள்ளியில் தமிழும் கணக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரே மகள், பதினேழு வயது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். உண்மையில் அவள் வீட்டில் இருப்பதேயில்லை. ஏதாவது ஒரு மரத்துக்கு முன்னால், மூக்கு பட்டையில் உரசும்படி, கையில் பூதக்கண்ணாடியோடு நின்றுகொண்டிருப்பாள்.

அவள் பார்ப்பது மரத்தை அல்ல. மரத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வளரும் ஒன்றை. மசாலாவில் போடுகிற கல்பாசி எல்லோருக்கும் தெரியும். காளானும் பாசியும் ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே உயிர் போல வாழ்வதுதான் கல்பாசி என்று அவள் சொன்னபோது, அத்தனை வருஷம் அதை வறுத்து அரைத்த எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆங்கிலத்தில் இவற்றை லைக்கன் என்கிறார்கள். கல்பாசியாவது இலை போலக் கையோடு உரிந்து வரும். மகளுக்குப் பிடித்த வகை உரிந்தே வராது. பட்டையோடு பட்டையாக, சுவரில் அடித்த வர்ணம் மாதிரி ஒட்டியிருக்கும். வேண்டுமென்றால் பட்டையையே சீவி எடுக்க வேண்டும். மனிதர் தோலில் வரும் படை போல இருப்பதால் எங்கள் வீட்டில் அதற்கு மரப்படை என்று பெயர் வைத்துவிட்டோம்.

முதலில் எனக்கு அதெல்லாம் வெறும் வெளுப்பாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஒரு பாக்கு மரத்தில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு இருந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் காட்டினாள். நான் கண்ணாடியை அவளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. சாம்பல் நிறத் தரையில் யாரோ மையால் கிறுக்கியது போலக் கறுப்புக் கோடுகள் ஒன்றில். அதன் பக்கத்தில் வெள்ளைத் தரையில் கடுகை அழுத்திப் பதித்தது போன்ற புள்ளிகள். அதற்கும் கீழே பச்சை மெழுகு பூசிய ஒன்று, அதில் குட்டி எரிமலைகள் போலக் குமிழ்கள், ஒவ்வொரு குமிழின் உச்சியிலும் ஊசி முனை அளவு துளை. ஒன்றும் மற்றொன்றும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய கறுப்பு எல்லை. தேசப்படம் பார்த்தது போலவே இருந்தது. ஒரே மரத்தில் இத்தனை நாடுகளா என்று கேட்டேன். அடுத்த மரத்தில் வேறு நாடுகள் என்றாள். ஜாதிக்காய் மரத்தில் இருப்பது பாக்கு மரத்தில் இருக்காது. வெயில் படும் பக்கத்தில் இருப்பது ஈரப் பக்கத்துக்கு வராது.

எனக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது. பாம்பு, பூரான், மழைக்காட்டு அட்டை, கொசு, வழுக்கும் கரை என்று எனக்குப் பயப்படக் காரணத்துக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், கல்யாண வயதுப் பெண் கையில் கத்தியோடு மரம் மரமாக நிற்பதைப் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது. அவள் என்ன வேர் பறிக்கிறாள், யாருக்கு மருந்து வைக்கப் போகிறாள் என்று பாசாரில் மீன் வாங்க வந்த ஒருத்தி கேட்டதாகக்கூட என் காதுக்கு வந்தது.

என் கணவர் பயப்படவில்லை. ஏலத்தில் வாங்கிய பழைய மைக்ராஸ்கோப் ஒன்று வீட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகளும் அதை ஜன்னலோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். சவரக் கத்தியால் அந்தக் கடுகுப் புள்ளியை மெல்லிய சீவலாக வெட்டி, ஒரு சொட்டு நீரில் மிதக்கவிட்டு, ஒளி வரும்படி கண்ணாடியைத் திருப்புவார்கள். உள்ளே வித்துகள். ஒரு வகையில் அவை நிறமில்லாமல், மூங்கிலைப் போலக் குறுக்கே கணு கணுவாக இருந்தன. இன்னொன்றில் பழுப்பு நிறத்தில், குறுக்கும் நெடுக்கும் தடுப்பு வைத்துச் செங்கல் சுவர் மாதிரி. மேலே பார்த்தால் ஒரே மாதிரி தெரிகிற இரண்டு படை, உள்ளே பார்த்தால் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. மேலே துளியும் ஒட்டாத இரண்டு, உள்ளே அண்ணன் தம்பி. எனக்கு அதுதான் தாங்க முடியாத வியப்பு. அன்று சமையல் அடுப்பில் கருகியது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அவள் சேகரித்தவற்றைக் காகிதப் பொட்டலங்களாக மடித்து, எந்த மரம், எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று மேலே எழுதி, பிஸ்கட் டின்களில் அடுக்கி வைத்தாள். மலையடிவாரத்துத் தாவரத் தோட்டத்தில் வேலை பார்த்த அதிகாரி ஒருவர் அவற்றில் சிலவற்றைக் கடல் கடந்து, இதே வேலையாக இருக்கும் ஒரு நிபுணருக்கு அனுப்பினார். கப்பலில் போய்ப் பதில் வர மாதக்கணக்கானது. பதிலில் பெரும்பாலும் பெயர்கள். ஒன்றைப் பற்றி மட்டும் அவர் நிறைய எழுதியிருந்தார். எங்கள் சந்துப் பாக்கு மரங்களில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு படை உண்டு. மகள் அதை ஒரே வகை என்று எண்ணி ஒரே பெயரில் போட்டிருந்தாள். இதில் இரண்டு இனம் கலந்திருக்கிறது, இரண்டாவது எனக்குத் தெரியாத ஒன்றாக இருக்கலாம், பிரித்து அனுப்ப முடியுமா என்று அவர் கேட்டிருந்தார்.

அதிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. எல்லா ஆரஞ்சுத் துண்டுகளையும் சீவிப் பார்த்தாள். சிக்கல் என்னவென்றால் புள்ளிகளில் பாதிக்கு மேல் உள்ளே ஒன்றுமில்லை. சில இன்னும் பழுக்கவில்லை, சில பழுத்துக் காலியாகிவிட்டன. வித்து இல்லாவிட்டால் எது எது என்று எப்படிச் சொல்வது? பொட்டாஷ் காரத்தை ஒரு சொட்டு விட்டால் சில இனங்கள் நிறம் மாறும் என்று புத்தகத்தில் இருந்தது. என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சிறு புட்டியில் கொண்டுவந்தார். எங்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை காரத்தில் கையை விட்டுத் தோல் உரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். புட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவள் கெஞ்சினாள். அப்பா வீட்டில் இருக்கும்போது மட்டும் என்றேன். அவர் வீட்டில் இருந்தபோதெல்லாம் எனக்கு வேறு ஏதாவது காரணம் கிடைத்தது.

அப்படியிருக்கும்போது தைப்பூசம் வந்தது. தண்ணீர்மலைக்குப் போகிற காவடிக்காரர்கள் வெயிலில் வாடாமலிருக்க வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். எங்கள் சந்து முனையிலும் வருஷா வருஷம் ஒரு பந்தல் உண்டு. துறைமுகத்தில் கூலிகளை வேலை வாங்கும் தண்டலாக இருக்கும் ஒருவர்தான் பந்தல் தலைவர். உரத்த குரல், நல்ல மனம், மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவர். தோரணம் கட்டுவதற்கு முன்னால் பந்தலை ஒட்டிய சில பாக்கு மரங்களுக்கு மட்டும் ஆள் உயரத்துக்கு வெள்ளையடிப்பது அவர்கள் வழக்கம். வருஷா வருஷம் சுண்ணாம்பு படுவதால் அவற்றில் படை பிடித்ததேயில்லை. இந்த வருஷம் வரிசை முழுவதும் என்று முடிவு.

சுண்ணாம்பின் அடியில் படை உயிரோடு இருக்காது. மகள் அவரிடம் போய்க் கடைசி நாலைந்து மரங்களையாவது விட்டுவிடச் சொல்லிக் கேட்டாள்.

“மரத்துக்குச் சொறி புடிச்சிருக்கும்மா. வெள்ளையடிச்சா போயிடும். அதுக்குப் போயி அழுவுறியே லா” என்று அவர் சிரித்தாராம்.

திருவிழாவுக்கு முந்திய நாள் காலையில் ஆட்கள் சுண்ணாம்பைக் கரைத்து அடிக்க ஆரம்பித்தார்கள். மகள் ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். கணவர் வேலைக்குப் போய்விட்டார். நான் மதியச் சமையலுக்கு மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வெளியே பூச்சு வேலையின் சத்தம் நின்றது. பிறகு ஆட்கள் ஓடும் சத்தம். பிறகு யாரோ ஒரு பெண் பெரிதாக முருகனைக் கூப்பிட்டாள்.

எட்டிப் பார்த்தேன். ஈரம் காயாத வெள்ளை மரங்களில் இரண்டு மூன்றில் சிவப்பு கசிந்திருந்தது. புள்ளி புள்ளியாகத் தொடங்கி, வெள்ளைக்குள் ஊறி, கீழே வழிந்து, பார்ப்பதற்கு வெட்டுக்காயத்தின் மேல் கட்டிய துணி மாதிரி. ஒருவர் கற்பூரம் ஏற்றிவிட்டார். சிலர் மரத்தடியில் விழுந்தார்கள். அடித்துக்கொண்டிருந்த ஆட்கள் வெள்ளையடிக்கும் நார் மட்டையைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளி நின்றார்கள். மீதி மரங்கள் அப்படியே நின்றன.

கூட்டம் பந்தலிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கம் திரும்ப வெகுநேரம் ஆகவில்லை. அந்த மரங்களில் கத்தி பட்ட தழும்பு இருந்தது. கத்தி யாருடையது என்று சந்துக்கே தெரியும்.

கேட்டைத் தட்டினார்கள். நான் மகளை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன். பந்தல் தலைவர் முன்னால் நின்றார். பக்கத்தில் சந்து முனையில் அப்பம் சுட்டு விற்கும் அக்கா, வாயில் வெற்றிலையோடு. பின்னால் தலைகள், தலைகள்.

“டீச்சரம்மா, நான் சண்டைக்கு வரல” என்றார் தலைவர். “மரம் ரத்தம் கக்குது. உங்க பொண்ணு கத்தி வச்ச மரம்தான். நாளைக்குச் சாமி வர்ற வழி இது. மரத்துலேருந்து எடுத்ததையெல்லாம் கொண்டாங்க, மரத்தடியிலேயே வச்சுக் கொளுத்திடுவோம். பொண்ணு தலைக்கு ஊத்திக்கிட்டு வந்து விழுந்து கும்பிடட்டும். அதோட முடிஞ்சிரும்.”

அவர் கேட்டது மிரட்டலாக இல்லை. அதனால்தான் எனக்கு அதிகப் பயம். பின்னாலிருந்தவர்கள் குரல் அப்படியில்லை. இவளால்தான் என்றார்கள், இவளை யார் கட்டுவான் என்றார்கள். ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது: டின்களைக் கொடுத்துவிட்டால் இவர்கள் போய்விடுவார்கள். நான் உள்ளே போய் அவற்றை எடுத்து வந்தேன். என் மகளின் இரண்டு வருஷ வாழ்க்கை அந்தப் பிஸ்கட் டின்களில் இருந்தது. அதையும் தெரிந்துதான் எடுத்து வந்தேன்.

அவள் எனக்கு முன்னால் வாசலுக்கு வந்துவிட்டாள். ஆனால் டின்களைப் பார்க்கவில்லை. சந்தின் அந்தப் பக்கம் சிவந்திருந்த மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பயம் இல்லை. கணக்கு வரப்போகும்போது என் மாணவிகள் முகத்தில் ஒன்று வரும். அது இருந்தது.

“அக்கா, கொஞ்சம் சுண்ணாம்பு குடுங்க” என்றாள்.

அப்பம் விற்கும் அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். “இந்த நேரத்துலயா ஒனக்கு வெத்தில கேக்குது?”

யாரோ சிரித்துவிட்டார்கள். அக்கா இடுப்புப் பையிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்துக் கொடுத்தாள். மகள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். என் கையிலிருந்த டின்னைத் திறந்து, ஆரஞ்சுப் படை ஒட்டிய ஒரு பட்டைத் துண்டை எடுத்து, எச்சில் தொட்டு ஈரமாக்கி, சுண்ணாம்பை விரலால் தடவினாள். எல்லோரும் குனிந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெள்ளைக்குள் சிவப்பு எழுந்தது, கருஞ்சிவப்பு.

“இது போன வருஷம் எடுத்தது அண்ணே. டின்னுக்குள்ளயே காஞ்சு கெடந்துச்சு. இதுல ஏது ரத்தம்?”

தலைவர் அந்தப் பட்டைத் துண்டை வாங்கி முகர்ந்து பார்த்தார். அவள் ஒரு சாம்பல் நிறத் துண்டை எடுத்துத் தடவினாள். நிறம் மாறவில்லை. மறுபடி ஓர் ஆரஞ்சுத் துண்டு. முதலாவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. தடவினாள். காத்திருந்தோம். சிவக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தடவினாள். சுண்ணாம்பு வெள்ளையாகவே இருந்தது.

கூட்டம் சலசலத்தது. “இதுல வரலியே” என்றார் தலைவர். “அதே மாதிரிதானே இருக்கு? அப்ப மத்தது என்னா?”

காரியம் கெட்டது என்று நினைத்தேன். மகளைப் பார்த்தால் அவள் கண் நிறைந்திருந்தது. கூட்டம் நிற்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

“அம்மா, ரெண்டு. ரெண்டும் வேற வேற.”

எனக்குப் புரிந்துவிட்டது. கடல் கடந்த நிபுணர் பிரிக்கச் சொன்ன இரண்டும் என் வாசல் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. வித்து வேண்டாம், சவரக் கத்தி வேண்டாம், நான் பூட்டி வைத்த புட்டிகூட வேண்டாம். சுண்ணாம்பும் காரம்தானே. இவளுக்குப் புரிந்து என்ன பயன், நிற்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமே. நான் உள்ளே ஓடினேன். இடித்துக்கொண்டிருந்த மஞ்சளில் ஒரு பிடி, டப்பாவிலிருந்து கடலை மாவு ஒரு பிடி, இரண்டையும் ஒரு தட்டில் தனித்தனியாகப் போட்டுக்கொண்டு வந்தேன். ஓடிய வேகத்தில் பாதி வழியிலேயே கொட்டியது. தட்டைத் தலைவர் முன்னால் வைத்து, இரண்டும் மஞ்சள்தானே, பார்த்தால் ஒன்று போலத்தானே இருக்கிறது என்று கேட்டேன். இரண்டிலும் சுண்ணாம்பைக் குழைத்தேன். மஞ்சள் ரத்தமாகச் சிவந்தது. கடலை மாவு மஞ்சளாகவே இருந்தது. மரத்தில் இருப்பதும் இப்படித்தான், ஒன்றுக்குள் சிவக்கும் சரக்கு இருக்கிறது, மற்றதில் இல்லை என்று சொன்னேன். வகுப்பில் பேசுகிற குரல் எப்படியோ வந்துவிட்டது.

முதலில் பேசியது அப்பம் விற்கும் அக்காதான். “அட, ஆரத்தித் தண்ணி. நாம மாப்ள பொண்ணுக்குச் சுத்துறமே, அதேதான். இதுக்கா இத்தன பேரு ஓடியாந்தீங்க?” என்று சொல்லிவிட்டு வெற்றிலைச் சாற்றைத் தள்ளி ஓரமாகத் துப்பினாள். அதுவும் சிவப்பாகத்தான் இருந்தது. பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு பரவியது. ஆரத்தி கரைக்காத கை அங்கே ஒன்றுகூட இல்லை.

எல்லோரும் மனம் மாறினார்கள் என்று சொல்ல மாட்டேன். கற்பூரம் ஏற்றியவர் அந்த மரத்துக்குக் குங்குமம் வைத்துப் பூவும் சுற்றினார். அது இப்போதும் இருக்கிறது. தலைவருக்கும் சந்தேகம் முழுவதும் போகவில்லை. நாலு பேர் நம்பி வந்திருக்கிறார்கள், வெறும் கையோடு எப்படித் திரும்புவது என்று யோசித்தார் போலும். எல்லா டின்னும் வேண்டாம், சிவந்த துண்டுகளை மட்டும் கொடுங்கள், மரத்தடியில் புதைத்துவிடுகிறோம் என்றார். நியாயமான பேச்சுத்தான். கொஞ்ச நேரம் முன்னால் கேட்டிருந்தால் நான் டின்னோடு கொடுத்திருப்பேன்.

“குடுக்க முடியாதுண்ணே” என்றேன். “எது எதுன்னு எங்களுக்கே இப்பத்தான் தெரிஞ்சுது.”

என் குரலைக் கேட்டு எனக்கே திகைப்பாக இருந்தது. மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, மிச்ச மரங்களை என்ன செய்வது, பாதி வெள்ளை பாதி கறுப்பாக விட்டால் பந்தல் நன்றாகவா இருக்கும் என்று வேறு பேச்சுக்குப் போனார். அவர் மனம் இறங்கிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மகள் எழுந்துவிட்டாள். அடியுங்கள், ஆனால் இடுப்பு உயரத்துக்கு மட்டும் அடியுங்கள், மேலே இருப்பது பிழைத்துக்கொள்ளும் என்றாள். எந்த மரத்தில் எது இருக்கிறது என்று சுண்ணாம்பே காட்டிவிடும் என்று அவள் சொன்னதும் ஆட்கள் மட்டையைக் கையில் எடுத்தார்கள். ஆனால் முதல் மட்டையைத் தலைவர்தான் வாங்கி அடித்தார்.

அதன் பிறகு அந்தச் சந்தில் நடந்ததைப் போல நான் பார்த்ததில்லை. ஒரு மரத்தில் வெள்ளை ஏறும். எல்லோரும் சுற்றி நின்று காத்திருப்பார்கள். சிவப்பு தலைகாட்டினால், இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று குரல். வராவிட்டால் ஒரு பெருமூச்சு. மகள் முன்னால் ஓடி, சுண்ணாம்பு படுவதற்குள் ஒவ்வொரு மரத்திலும் நகக்கண் அளவு சீவிக்கொள்வாள். நான் பின்னால் டின்களைச் சுமந்துகொண்டு போனேன், சிவந்ததற்கு ஒரு டின், சிவக்காததற்கு ஒரு டின். அப்பம் விற்கும் அக்கா என் கையில் இருந்த ஒன்றை வாங்கிக்கொண்டு, எதை எதில் போடுவது என்று என்னையே திருத்த ஆரம்பித்துவிட்டாள்.

கடைசி மரத்தில் ஆரஞ்சுப் படை பெரிதாக, இரண்டு கை அகலத்துக்கு, இடுப்புக்கு மேலும் கீழுமாக இருந்தது. மகள் அதை நிறைய நாள் பார்த்து வைத்திருந்தாள். தலைவர் அதன் மேல் மெதுவாக, கோடு விடாமல் மட்டையை இழுத்தார். சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. வெள்ளைக்கு அடியில் ஆரஞ்சு மங்கலாகத் தெரிந்தது. நாங்கள் அத்தனை பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றோம். சுண்ணாம்பு ஓரங்களில் காயத் தொடங்கியது. சிவப்பு வரவில்லை.

தலைவர் மட்டையை வாளியில் வைத்துவிட்டுக் குனிந்து, மூக்கு பட்டையில் உரசும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

“அப்ப இது அந்த ரெண்டாவதா, தங்கச்சி?” என்று கேட்டார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இடுப்புக்கு மேலே சுண்ணாம்பு படாத இடத்தில் கத்தியை வைத்துச் சீவிக்கொண்டிருந்தாள்.